69 சார்ஜருக்கு எத்தனை பல் ஸ்பீடோமீட்டர் கியர் போடுவது?

கேள்வி சுருக்கமாக இது: 1969 டாட்ஜ் சார்ஜர், 440 இன்ஜின், 727 டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பின் ஆக்ஸிலில் இருந்த 3.23 விகித கியர் செட்டை எடுத்துவிட்டு 3.91 போட்டாயிற்று. பின் டயர் முன்பு இருந்த அதே 275/60ஆர்15. இப்போது ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 49தான் காட்டுகிறது. எந்த ஸ்பீடோமீட்டர் கியர் வாங்க வேண்டும்?

38 பல் கியர். ஒரு வரியில் பதில் அதுதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் காரில் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஓரிடத்தில் கோட்டைவிட்டுத்தான் பலருடைய புதுக் கியர் முதல் ஓட்டத்திலேயே பல் உதிர்ந்து போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 38 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அந்தக் காலத்து அமெரிக்க கார்களில், கிரைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றிலுமே, ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய ஒரே கணக்கில் செய்யப்பட்டது. கார் 1 மைல் ஓடினால் கேபிள் 1000 சுற்று சுற்ற வேண்டும். மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்துக்கு 1 மைல். ஆக 60ல் போகும்போது கேபிள் நிமிடத்துக்கு 1000 சுற்று. டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் மீட்டருக்கு உங்கள் ஆக்ஸில் விகிதமும் தெரியாது, டயர் அளவும் தெரியாது. மைலுக்கு 1000 சுற்று வருகிறது என்று நம்பிக்கொண்டு அது முள்ளைத் தள்ளுகிறது. அந்த 1000ஐ வரவழைக்கும் பொறுப்பு கியர்பாக்ஸின் வால் பக்கம் இருக்கும் ஒரு ஜோடி கியருக்கு. ஒன்று அவுட்புட் ஷாஃப்டில், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களை நோக்கிப் போகும் கடைசித் தண்டில், இருக்கும் ஓட்டும் கியர். மற்றொன்று அதனோடு கோத்துக்கொண்டு கேபிளைச் சுற்றும் பிளாஸ்டிக் கியர். மோப்பார்காரர்கள், அதாவது கிரைஸ்லர் குடும்பத்துக் கார்காரர்கள், இதைப் பினியன் என்பார்கள். நீங்கள் மாற்றப்போவது இந்தப் பினியனை.

உங்கள் டயர் சாலையில் 1 மைலுக்குச் சுமார் 742 சுற்று சுற்றும். டயர் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 3.91 சுற்று. ஆக 1 மைலுக்கு ஷாஃப்ட் 742 × 3.91, அதாவது 2901 சுற்று. டார்க்ஃப்ளைட்டில் ஓட்டும் கியருக்கு 13 பல். 2901 சுற்றை 1000 ஆக இறக்க வேண்டுமென்றால் பினியனில் 13 × 2901 ÷ 1000, அதாவது 37.7 பல் வேண்டும். முக்கால் பல் கடையில் கிடைக்காது, அதனால் 38. பழைய 3.23க்கும் இதே கணக்கைப் போட்டால் 31.2 வரும். உங்கள் கியர்பாக்ஸில் இப்போது 31 பல் பினியன்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த 31ஐ வைத்துக்கொண்டு 3.91ல் ஓடினால் கேபிள் மைலுக்கு 1217 சுற்று சுற்றும். மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 49.3. நீங்கள் சொன்ன 49 அப்படியே பொருந்துகிறது. கணக்கும் ரோடும் ஒத்துப்போகின்றன, அதனால்தான் 38 என்று தைரியமாகச் சொன்னேன்.

எல்லாக் காரிலும் இப்படி ஒத்துப்போகாது. என்னைக் கேட்டால், சூத்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ரோட்டில் அளந்துவிட வேண்டும். சூத்திரத்துக்கு மூன்று எண் வேண்டும்: ஓட்டும் கியரின் பல், ஆக்ஸில் விகிதம், டயரின் மைல் சுற்று. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகி, நாலைந்து கை மாறிய காரில் இந்த மூன்றில் ஒன்றாவது பொய்யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரோட்டில் அளப்பதற்கு ஒரே எண் போதும்: இப்போது மாட்டியிருக்கும் பினியனின் பல். அதைக் கழற்றி எண்ணிவிடலாம்.

அளக்கும் விதம் இப்படி. இன்டர்ஸ்டேட்டில் மைலுக்கு ஒரு பலகை இருக்கிறது. ஒரு பலகையைத் தாண்டும்போது ஓடோமீட்டரில், அதாவது ஓடிய தூரத்தைக் காட்டும் இலக்கங்களில், பத்தில் ஒரு மைல் இலக்கம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 பலகை தாண்டியதும் மறுபடி குறியுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்வது நல்லது. உங்கள் காரில் ஓடோமீட்டர் ஏறத்தாழ 12.2 மைல் ஓடியிருக்கும். 12.2ஐ 10ஆல் வகுத்து, இப்போதைய பல் 31ஆல் பெருக்கினால் 37.8. அவ்வளவுதான். டயர் அளவும் ஆக்ஸில் விகிதமும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை, ஏனென்றால் அவை இரண்டும் ஏற்கெனவே அந்த 12.2க்குள் அடங்கியிருக்கின்றன. ஒரே ஒரு மைலை மட்டும் அளக்காதீர்கள். பலகைகளைச் சில இடங்களில் கொஞ்சம் தள்ளி நட்டிருப்பார்கள், ஓடோமீட்டர் இலக்கத்தைப் படிப்பதிலும் பிசகு வரும். 10 மைலில் இவை கரைந்துவிடும்.

முள்ளைப் பார்க்காமல் ஓடோமீட்டரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே கேபிளில் ஓடுகின்றன, ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. ஓடோமீட்டர் முழுக்கப் பல் சக்கரங்கள். கேபிள் 1000 சுற்று சுற்றினால் அது 1 மைலைக் கூட்டியே தீரும், ஏமாற்றத் தெரியாது. வேக முள் அப்படியில்லை. கேபிளின் நுனி ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தைக் கூடவே இழுக்கப் பார்க்கும்; முடி போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னால் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. காந்தம் வயதாகி வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகிக் கிண்ணத்தை இழுத்தால் கூட்டிக் காட்டும். இது எதையும் பினியனால் சரிசெய்ய முடியாது.

ஆகவே ஓடோமீட்டரும் முள்ளும் ஒரே விகிதத்தில் தவறினால் குற்றம் கியரில். ஓடோமீட்டர் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால் குற்றம் மீட்டரில். இரண்டும் வெவ்வேறு அளவில் தவறினால் இரண்டிலுமே கோளாறு. முதலில் ஓடோமீட்டருக்குக் கியர் போடுங்கள், மிச்சத்தை மீட்டர் ரிப்பேர் செய்பவரிடம் விடுங்கள். முள் தவறுக்குக் கியர் மாற்றிக் கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் முள் 60ல் மட்டும் சரியாக நிற்கும். 30லும் 80லும் தவறும், ஓடோமீட்டரும் கெட்டுப்போயிருக்கும்.

ஓடோமீட்டர் பற்றி இன்னொன்று. 3.91 போட்ட பிறகும் பெட்ரோல் செலவு அவ்வளவாகக் கூடவில்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கியரை மாற்றாமல் கணக்குப் போட்டால் அப்படித்தான் தெரியும். உங்கள் கார் இப்போது 1000 மைல் என்று எழுதிக்கொள்வது உண்மையில் 820 சொச்சம் மைல். கேலனுக்கு 12 மைல் கொடுக்கிறது என்று நீங்கள் நினைத்தால் அது 10கூட இல்லை.

எந்தப் பக்கம் மாற்றுவது என்பதிலும் குழப்பம் உண்டு. மீட்டர் கூடுதலாகக் காட்டினால் கேபிளை மெதுவாக்க வேண்டும், அதற்குப் பினியனில் பல் கூட வேண்டும். குறைத்துக் காட்டினால் பல் குறைய வேண்டும். ஓட்டும் கியருக்கு இது தலைகீழ்: அதில் பல் கூடினால் கேபிள் வேகமாகும். உங்கள் பிரச்சினை பாதுகாப்பான பக்கத்துப் பிரச்சினை. 60 என்று நினைத்து 49ல் போகிறீர்கள், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. நாளைக்கே நீண்ட பயணத்துக்காக 3.91ஐ எடுத்துவிட்டு 2.76 போட்டு, இந்த 38 பல்லை அப்படியே விட்டுவிட்டால், முள் 60ல் நிற்கும்போது கார் 85ல் போய்க்கொண்டிருக்கும். மோப்பாரின் எட்டே முக்கால் இஞ்ச் ஆக்ஸிலில், விகிதத்தைத் தரும் கியர்கள் இருக்கும் நடுக்குடத்தை அப்படியே முன்பக்கமாகக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிடலாம் என்பதால் மோப்பார் ஆட்கள் விகிதத்தை அடிக்கடி மாற்றுவார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் பொருத்தமான பினியனை ஒரு பையில் போட்டு அதோடு கட்டி வைத்துவிடுங்கள்.

சரி, கார் ஓடும் நிலையில் இல்லை, ரெஸ்டோரேஷனில் கிடக்கிறது என்றால் சூத்திரத்தைத்தான் நம்ப வேண்டும். அப்போது அந்த எண்களைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் காரிலிருந்தே எடுங்கள்.

ஆக்ஸில் விகிதத்துக்குப் பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு கியரை நியூட்ரலில் வையுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஷுர்-க்ரிப் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல்) இருக்கும் ஆக்ஸில் என்றால் இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சுற்றும். சக்கரத்தை 10 சுற்று சுற்றி ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். 39 சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தால் 3.91. சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் தூக்கி 20 சுற்று சுற்ற வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் நின்றால் கிரௌன் வீல், அதாவது ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரம், பாதி வேகத்தில்தான் சுற்றும். ஒரே சுற்று சுற்றி, "கிட்டத்தட்ட மூன்றரை" என்று முடிவுசெய்யாதீர்கள், 3.23க்கும் 3.55க்கும் நடுவில் அது எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். ஆக்ஸிலில் தொங்கும் தகட்டில் எழுதியிருக்கிறதே என்றால், அந்தத் தகடு அந்தக் குடத்தோடுதான் பிறந்தது என்பதற்கு என்ன சாட்சி? குடத்தைத் திறக்கும் சந்தர்ப்பம் வந்தால் பல்லையே எண்ணிவிடலாம்: 3.91 என்பது 43க்கு 11, 3.23 என்பது 42க்கு 13.

டயரில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 275/60ஆர்15 டயரின் விட்டம் கணக்குப்படி 28 அங்குலம். 28 அங்குல வட்டத்தின் சுற்றளவை ஒரு மைலுக்குள் வகுத்தால் 720 சுற்று வரும். ஆனால் டயர் தரையில் நிற்கும்போது எடையால் அடிப்பக்கம் அமுங்கி, ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் குறைந்துவிடுகிறது; உண்மையில் 740 சொச்சம் சுற்றும். வித்தியாசம் சுமார் 3 சதவீதம், பினியனில் ஒரு பல்லுக்கு மேல். வெறும் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 36.6 வந்து, 37 வாங்கியிருப்பீர்கள். டயர் கம்பெனிகள் தங்கள் அட்டவணையில் மைலுக்கு எத்தனை சுற்று என்று தனியாகவே கொடுக்கின்றன, அதை எடுங்கள். கிடைக்கவில்லையென்றால், காற்றைச் சரியாக அடித்து, டிரைவர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டுத் தள்ளுங்கள். 5 சுற்று முடிந்ததும் தரையில் இன்னொரு கோடு. நடுத்தூரத்தை அங்குலத்தில் அளந்து 5ஆல் வகுத்து, 63,360ஐ அதனால் வகுத்தால் மைல் சுற்று. உங்கள் டயருக்குச் சுற்றுக்கு 85 அங்குலத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். அளப்பது பின் டயரை. முன்னால் சின்ன டயர் போட்டிருப்பவர்கள் அவசரத்தில் அதை அளந்துவிடுகிறார்கள்.

ஓட்டும் கியர் விஷயத்தில் உங்களுக்குத் தலைவலி இல்லை. டார்க்ஃப்ளைட்டில் அந்த 13 பல் அவுட்புட் ஷாஃப்டிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. யாரும் மாற்றியிருக்க முடியாது.

இப்போது 37.7ஐ 38 ஆக்குவதா, 37 ஆக்குவதா? 38 போட்டால் உண்மையான 60ல் மீட்டர் 59.5 காட்டும். 37 போட்டால் 61 காட்டும். கொஞ்சம் கூட்டிக் காட்டுவதே நல்லது என்று பலர் சொல்வார்கள். பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். உங்கள் காரில் மட்டும் 38 என்று சொல்லக் காரணம் டயர் தேய்மானம். புது டயருக்கும் தேய்ந்து தீர்ந்த டயருக்கும் விட்டத்தில் அரை அங்குலம் குறையும், அதாவது ஏறத்தாழ 2 சதவீதம். டயர் தேயத் தேயச் சுற்று கூடும், வேண்டிய பல் 37.7லிருந்து 38.4 வரை நகரும். டயரின் ஆயுள் முழுவதையும் பார்த்தால் 38 நடுவில் உட்காருகிறது.

மாட்டுவதற்கு வருவோம். முதலில் சொன்ன அந்த ஓரிடம் இதுதான். வால் உறையின் இடது பக்கத்தில் கேபிள் போய்ச் சேரும் அடாப்டர் இருக்கிறது. ஒரே போல்ட், ஒரு கவை போன்ற பிடிப்பு. சுற்றியுள்ள அழுக்கை முதலில் நன்றாகத் துடையுங்கள், உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸுக்குள்தான் போகும். காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் எல்லாம் வால் பக்கம் வந்து துளை வழியாகக் கொட்டும்; பின்பக்கத்தைத் தூக்கினால் கொஞ்சம்தான் வரும். எப்படியும் கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் அசையாத அடாப்டர் வர மறுக்கும். நெம்ப வேண்டாம், இப்படியும் அப்படியும் திருகித் திருகி இழுத்தால் வந்துவிடும்.

கையில் எடுத்ததும் அடாப்டரை உற்றுப் பாருங்கள். பினியன் போகும் துளை நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அது வார்ப்புக் குறையில்லை. 31 பல் பினியன் சின்னது, 38 பெரியது. ஓட்டும் கியரோ இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. பெரிய பினியன் அதிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும், சின்னது நெருங்கி உட்கார வேண்டும். அதற்காகத்தான் துளையை ஒதுக்கி, அடாப்டரைத் திருப்பித் திருப்பி வைக்கும்படி செய்திருக்கிறார்கள். அடாப்டரின் முகத்தைச் சுற்றிப் பல் எண்ணிக்கை வரம்புகள் பொறித்திருக்கும். கடைசி வரம்பு 39 முதல் 45 வரை. நீங்கள் போடும் பினியனின் எண் எந்த வரம்பில் விழுகிறதோ அந்த எழுத்து, கார் நிற்கும் நிலையில், நேர் கீழே, அதாவது கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் வர வேண்டும். 31 ஒரு வரம்பு, 38 அதற்கு அடுத்த வரம்பு. ஆகவே பினியனை மட்டும் மாற்றிவிட்டு, பழையபடி அடாப்டரைத் தள்ளிவிட்டீர்கள் என்றால் 38 பல் பினியன் ஓட்டும் கியரோடு நெருக்கி மாட்டிக்கொள்ளும். உள்ளே போகவே முரண்டு பிடிக்கும். போல்ட்டை முறுக்கி முறுக்கி உள்ளே இறக்கினால், கார் நகர்ந்ததுமே பிளாஸ்டிக் தூளாகிவிடும். மறுபக்கமாகத் தவறினால், அதாவது சின்னப் பினியனைப் பெரிய வரம்பில் வைத்தால், பல் நுனி மட்டும் கோத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓடி, பிறகு மழுங்கிப் போகும். இரண்டிலும் பழி பினியன் விற்றவன் தலையில் விழும்!

அடாப்டர் வெளியே இருக்கும்போதே சீல்களை மாற்றிவிடுங்கள். வெளிப்பக்கப் பள்ளத்தில் ஒரு ஓ-ரிங், உள்ளே பினியன் தண்டைப் பிடிக்கும் ஒரு சின்ன சீல். வெளியிலுள்ளது போனால் கீழே சொட்டும், அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே இருப்பது போனால் கியர்பாக்ஸ் ஆயில் கேபிள் உறைக்குள் புகுந்து, கேபிள் சுற்றச் சுற்ற மேலே ஏறி, மீட்டருக்குள் போய்ச் சேரும். கேபிளின் மேல்நுனியைக் கழற்றிப் பார்க்கும்போது சிவப்பு ஆயில் ஒட்டியிருந்தால் இந்த சீல்தான் காரணம்.

மாட்டி முடித்ததும் ரோட்டுக்குப் போகாமலேயே ஒரு சோதனை செய்யலாம். கேபிளின் மேல்நுனியை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். 1 மைலுக்கு 1000 சுற்று என்றால் மைலில் நூறில் ஒரு பங்குக்கு 10 சுற்று. மைலில் நூறில் ஒரு பங்கு என்பது 52 அடி 9.6 அங்குலம். சமதரையில் டேப் பிடித்து அந்தத் தூரத்தைக் குறித்து, கியரை நியூட்ரலில் வைத்துக் காரைத் தள்ளுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கொடியை எண்ணட்டும். 10 சுற்றுக்கு ஒரு இம்மி குறைவாக வந்து நிற்க வேண்டும். பழைய 31 பல்லோடு இதே சோதனையைச் செய்திருந்தால் 12க்கு மேலே போயிருக்கும். டேஷ்போர்டே இல்லாத, பாதி பிரித்துப் போட்ட காரிலும் இது வேலை செய்யும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை.

இதைப் படிக்கும் மற்ற கம்பெனிக் கார்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சூத்திரம் அதேதான், எண்கள்தான் மாறும். ஃபோர்டில், கியர்பாக்ஸ் சி4, சி6, டாப்லோடர் எதுவாக இருந்தாலும், ஓட்டும் கியர் 6, 7 அல்லது 8 பல். கேபிள் பக்கத்துக் கியர் பெரும்பாலும் 16 முதல் 21 வரை. எண்ணிக்கை சின்னது என்பதால் படி பெரியது: மோப்பாரில் ஒரு பல் மாற்றினால் 3 சதவீதத்துக்குள், ஃபோர்டில் ஒரு பல் 5 சதவீதத்துக்கு மேல். மஸ்டாங்கில் மைலுக்கு 790 சுற்று சுற்றும் டயரும் 3.50 ஆக்ஸிலும் 7 பல் ஓட்டும் கியரும் இருந்தால் 19.4 வரும், 19 போட்டு 2 சதவீதப் பிழையோடு வாழ வேண்டியதுதான். அதே காரில் 4.11 போட்டால் 22.7 வேண்டும், மேற்சொன்ன வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. 6 பல் ஓட்டும் கியருக்கு இறங்கினால் 19.5, உள்ளே வந்துவிடும். ஆனால் ஓட்டும் கியரை மாற்ற வால் உறையைக் கழற்ற வேண்டும், அது வேறு வேலை. ஃபோர்டு கியர்களை நிறத்தை வைத்து அடையாளம் சொல்வார்கள்: 17 வெள்ளை, 18 மஞ்சள், 19 இளஞ்சிவப்பு, 20 கறுப்பு, 21 சிவப்பு என்று. புதுசு வாங்கும்போது உதவும். ஐம்பது வருடம் ஆயிலில் ஊறிய வெள்ளையும் மஞ்சளும் ஒரே நிறமாகிவிடும், எண்ணிவிடுங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் செவி, போன்டியாக் பக்கம் வந்தால் மன்ஸி நாலு ஸ்பீட் கியர்பாக்ஸில் பெரும்பாலும் 8 பல் ஓட்டும் கியர், 3.73 ஆக்ஸிலும் 780 சுற்று டயரும் இருந்தால் 23 பல். பலர் பின்னாளில் 700ஆர்4 ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை மாட்டுகிறார்கள். அதில் 34 முதல் 39 பல் வரைக்கும் கியரைத் தாங்கும் ஒரு ஸ்லீவ், 40 முதல் 45க்கு வேறு ஸ்லீவ். மோப்பாரில் திருப்பி வைத்துச் செய்ததை இங்கே ஸ்லீவையே மாற்றிச் செய்கிறார்கள். கியரை மட்டும் வாங்கி வந்து பழைய ஸ்லீவில் போட்டால் அதே கதைதான். அப்புறம், ஓவர்டிரைவ் போட்டால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறுமா என்று கேட்பார்கள். ஓவர்டிரைவால் மாறாது. ஸ்பீடோமீட்டர் கியர் கியர்பாக்ஸின் கடைசித் தண்டில் இருக்கிறது. உள்ளே எந்த கியரில் ஓடினாலும் அந்தத் தண்டும் சக்கரமும் ஒரே விகிதத்தில்தான் சுற்றும். புதுக் கியர்பாக்ஸில் ஓட்டும் கியரின் பல் வேறாக இருக்கும், அதை மட்டும் பாருங்கள்.

எந்தக் கியரும் வரம்புக்குள் வராவிட்டால் கேபிளுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் திருகும் விகிதப் பெட்டி இருக்கிறது. வேண்டிய விகிதத்தைச் சொன்னால் அதற்கேற்ப உள்ளே கியர் போட்டுக் கொடுப்பார்கள். ஜிபிஎஸ் பார்த்து ஒரு மோட்டாரால் கேபிளைச் சுற்றும் மின்னணுப் பெட்டிகளும் வந்துவிட்டன. வேறு வழியில்லாத காருக்குச் சரி. ஒரு பிளாஸ்டிக் பினியனால் முடியும் உங்கள் காருக்கு இது தேவையில்லை.

38 போட்ட பிறகு மறுபடி அதே 10 மைலை ஓட்டுங்கள். ஓடோமீட்டர் 9.9லோ 10லோ நின்றால் கியர் வேலை முடிந்தது. அப்போதும் முள் மட்டும் மூன்று நாலு மைல் தள்ளி நின்றால் மீட்டரைக் கழற்றிக் காந்தத்தையும் ஸ்பிரிங்கையும் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முள் நடுங்கினால் மீட்டரைத் தொடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். எங்காவது கூர்மையாக மடிந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே வறண்டிருக்கும். உள்கம்பியை உருவித் துடைத்து, கேபிளுக்கென்றே விற்கும் கிராஃபைட் கிரீஸை கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் லேசாகத் தடவுங்கள். மேல்முனையில் தடவினால் அது நேராக மீட்டருக்குள் ஏறிவிடும்.